48 இடம், 112 பெயர்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரெழுத்துகளைப் பார்க்க வேண்டுமானால் வெயில் சாயும் நேரத்தில் போக வேண்டும். உச்சிவேளையில் வெறும் கல்லாகத் தெரிவது, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது வரி வரியாக எழுந்து நிற்கும். ஓய்வு பெற்ற தமிழய்யா அந்த நேரம் பார்த்துத்தான் அங்கே வந்து உட்காருவார். அன்றைக்கு அவரைத் தேடி வந்தவர், ஒரு காலத்தில் அவரிடம் படித்து, இப்போது பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்தும் ஆசிரியை. தோளில் பை, கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா.

“டப்பாவில் என்னம்மா?”

“பிள்ளைகளின் பெயர், அய்யா. சீட்டெழுதி வைத்திருக்கிறேன். குலுக்கலாமா வேண்டாமா என்றுதான் தெரியவில்லை.”

விஷயம் இதுதான். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பிரிவும் சேர்த்து 112 பேர். சென்னை கோட்டூர்புரத்தில் இருக்கும் பிர்லா கோளரங்கத்துக்கு ஒருநாள் சுற்றுலா. ஒரே பஸ், 52 இருக்கை. கூடப் போகும் பெரியவர்கள் 4 பேரைக் கழித்தால் 48. மீதி 64 பிள்ளைகள் அன்றைக்கு வழக்கம்போல் வகுப்பில் உட்கார வேண்டும். போன வருடம், முதலில் பணம் கட்டுகிறவர்களுக்கு இடம் என்று அறிவித்தார்கள். முதல் நாள் மதியத்துக்குள் பட்டியல் நிரம்பிவிட்டது. அடுத்த வாரம் ஒரு பெண் கசங்கிய நூறு ரூபாய் நோட்டுகளை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். அவளிடம் என்ன சொல்லி அனுப்பினோம் என்பது ஆசிரியைக்கு மறந்துவிட்டது. அந்தக் கை மறக்கவில்லை.

“முந்தி வந்தவருக்கு முதல் இடம் என்பது நியாயம்தானே? வரிசையில் நிற்கிறவரை யார் குறை சொல்ல முடியும்?” என்று அய்யா ஆரம்பித்தார். எதிர்த்தரப்பு வக்கீலாக நின்று பேசிப் பார்ப்பது அவர் வழக்கம். வகுப்பிலும் அப்படித்தான் செய்வார்.

“தட்கல் டிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள் அய்யா. ஸ்லீப்பருக்குக் காலை 11 மணிக்குத் திறக்கிறார்கள். எல்லோருக்கும் அதே 11 மணிதான். ஆனால் வீட்டில் நல்ல இணையம் வைத்திருப்பவரும், சிக்னல் தேடி மொட்டைமாடிக்கு ஏறுகிறவரும் ஒரே வரிசையிலா நிற்கிறார்கள்? எங்கள் பள்ளியிலும் அதுதான் நடந்தது. மாதச் சம்பளம் வரும் வீட்டில் அன்று காலையே பணம் இருந்தது. நூறு நாள் வேலைக் கூலி எப்போது கணக்கில் ஏறும் என்று பார்த்திருக்கும் வீட்டில் இல்லை. யாருக்கு ஆசை அதிகம் என்று அந்த வரிசை அளக்கவில்லை. அப்பாவின் சட்டைப்பையை அளந்தது.”

“அப்படியானால் பணத்தை எடுத்துவிடு.”

“எடுத்தாயிற்று. இந்த வருடம் பஸ் வாடகையை முன்னாள் மாணவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.”

அய்யாவுக்கு அது பிடித்திருந்தது. இங்கிலாந்தில் இதற்குச் சட்டமே உண்டு என்றார். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, பள்ளி நேரத்தில் நடக்கும் கல்விப் பயணத்துக்கு அங்குள்ள அரசுப் பள்ளிகள் கட்டணம் வாங்கக் கூடாது. விருப்ப நன்கொடை கேட்கலாம். தரவில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. போதிய நன்கொடை சேராவிட்டால் பயணமே நின்றுபோகவும் கூடும். ஏழைப் பிள்ளையை மட்டும் நிறுத்துவதைவிட அது மேல் என்பது அந்தச் சட்டத்தின் முடிவு. எளிதில் தள்ளிவிட முடியாத முடிவு.

“பணம் போன பிறகும் 64 பேர் நிற்கிறார்களே அய்யா. ரேங்க் பார்க்கலாம் என்கிறார் தலைமையாசிரியர். ஒழுக்கம் பார்க்கலாம் என்கிறார் உடற்கல்வி ஆசிரியர். கணக்கு டீச்சர் வருகைப் பதிவேட்டைக் காட்டுகிறார். மூன்றும் சரியாகத்தான் படுகிறது. அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.”

அமர்த்தியா சென் நீதியைப் பற்றி 2009-இல் எழுதிய புத்தகத்தில் வரும் மூன்று பிள்ளைகளை அய்யா நினைவுபடுத்தினார். இருப்பது ஒரே ஒரு புல்லாங்குழல். எனக்குத்தான் வாசிக்கத் தெரியும், எனக்குக் கொடு என்கிறது ஒரு பிள்ளை. என்னிடம் விளையாட வேறு எதுவுமே இல்லை, எனக்குக் கொடு என்கிறது இன்னொன்று. மாதக்கணக்கில் உழைத்து அதைச் செய்ததே நான்தான் என்கிறது மூன்றாவது.

“சென் யாருக்குக் கொடுத்தார்?”

“தீர்ப்புச் சொல்லவில்லை. மூன்றும் உண்மையான காரணம் என்று காட்டத்தான் அந்தக் கதை. ஆனால் குழல் எதற்கு என்பது மூன்று பிள்ளைகளுக்கும் தெரியும். உன் பஸ் எதற்கு? பரிசா, பாடமா?”

ஆசிரியை கொஞ்ச நேரம் பேசவில்லை. கேள்வி சரியான இடத்தில் விழுந்திருந்தது. பரிசுப் பயணங்கள் உண்டு. கலைத் திருவிழா முதலான போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களைத் தமிழ்நாடு அரசு வெளிநாட்டுக்கே அழைத்துப் போகிறது. இஸ்ரோ 2019-இல் தொடங்கிய யுவிகா பயிற்சிக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் படிப்பைப் பார்த்து எடுக்கிறார்கள். கிராமத்துப் பள்ளியில் படிப்பதற்கும் அதில் தனி மதிப்பு உண்டு. விதி இன்னதென்று முன்கூட்டியே தெரிந்துதான் அங்கெல்லாம் பிள்ளைகள் இறங்குகிறார்கள். ஜூன் மாதம் வாங்கிய மார்க்குக்கு நவம்பரில் திடீரென்று ஒரு பஸ் இருக்கையை விலையாக வைப்பது வேறு காரியம்.

“பாடம்தான் அய்யா. வானவியல் பாடத்துக்குத்தான் கூட்டிப் போகிறோம்.”

“பாடம் என்றால், ஏற்கெனவே தெரிந்த பிள்ளைக்கு மட்டும் நடத்துவாயா? வருகைப் பதிவேடு என்கிறார்களே, அறுப்பு நாளில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றவளுக்கு அது இரண்டாம் தண்டனை இல்லையா?”

“சரி, இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கே 48 இடத்தையும் கொடுத்துவிட்டால்?”

“கொடுக்கலாம். அந்தப் பட்டியலை வகுப்பில் யார் வாசிப்பது? பதினான்கு வயதுப் பையன், இவர்களெல்லாம் இல்லாத வீட்டார் என்ற வரிசையில் நின்று பஸ் ஏறுவானா? வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்வான். அவன் வீட்டில் இல்லாததை வாடகையில் கழித்துவிட்டாய், நல்லது. அதையே அவன் நெற்றியில் எழுதாதே.” குரல் சற்று உயர்ந்துவிட்டது; தண்ணீர் குடித்தார். “ஒன்று செய்து பார். இடம் கிடைக்காத பிள்ளையைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்துக் காரணம் சொல். நீ சரியாகப் படிக்கவில்லை. நீ அடங்கி உட்காருவதில்லை. உன் வீட்டுக் கஷ்டம் போதாது. இதில் எதைச் சொல்ல உனக்கு வாய் வருகிறது?”

“எதற்கும் வரவில்லை.”

“உன் சீட்டு வரவில்லை என்று சொல்ல?”

“அதைச் சொல்லலாம். ஆனால் பொறுப்பைத் தட்டிக்கழித்த மாதிரி இருக்கிறதே அய்யா. முடிவெடுக்க வேண்டியவள் நான். கண்ணை மூடிக்கொண்டு டப்பாவுக்குள் கைவிடுவது ஒரு முடிவா?”

அய்யா எழுந்து சுவரருகே போனார். அந்தச் சுவரில் இருப்பவை முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டிய ஊர்ச்சபைத் தீர்மானங்கள். முதலில் போட்ட விதியை இரண்டே வருடத்தில் திருத்தி எழுதியிருக்கிறார்கள். ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிந்திருந்தது. சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆளெடுக்கக் குடும்புக்குக் குடும்பு தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டிக் குடத்தில் இட்டார்கள். சிறியவர் பெரியவர் எல்லோரும் கூடியிருக்க, கோயில் நம்பிமாரில் மூத்தவர் குடத்தைத் தூக்கி எல்லோருக்கும் தெரியும்படி காட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்க, அதை வேறு குடத்தில் போட்டுக் குலைத்து, ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் தர வேண்டும்.

“மத்தியஸ்தன் அதை எப்படி வாங்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறது” என்று சொல்லி அய்யா வலக்கையை நீட்டினார். ஐந்து விரலும் விரிந்திருந்தன. “இப்படி. விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டவர்கள் செய்கிற காரியமா இது? குலுக்கலில் யார் வருகிறார்கள் என்பது மட்டும்தான் நம் கையில் இல்லை. மற்றதெல்லாம் நம் கையில்.”

அந்த மற்றதெல்லாம் சரியாக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆசிரியைக்கே ஓர் உதாரணம் தெரிந்திருந்தது. 1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில், வியட்நாம் போருக்கு யாரை முதலில் அழைப்பது என்று பிறந்த தேதிகளைக் குலுக்கி எடுத்தார்கள். மொத்தம் 366 தேதிகள், சின்னக் குப்பிகளில். ஜனவரியில் தொடங்கி மாதம் மாதமாகக் கொட்டினார்கள், கலக்கியது போதவில்லை. ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்களின் தேதிகள் முந்தி வந்தன. புள்ளியியலாளர்கள் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு அடுத்த ஆண்டு முறையை மாற்றினார்கள். குடத்தைச் சரியாகக் குலுக்காததால் டிசம்பரில் பிறந்த பையன்கள் போருக்கு முன்வரிசையில் நின்றார்கள்.

“இந்தச் சுவரில் எனக்கு இதைவிடப் பிடித்த விதி ஒன்று உண்டு” என்றார் அய்யா. “கடந்த மூன்று வருடத்தில் வாரியத்தில் இருந்தவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் எங்கே போனீர்கள், யார் யார் போனார்கள் என்று உன் பள்ளியில் பதிவேடு இருக்கிறதா?”

இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு நோட்டுப் போட வேண்டும் என்று ஆசிரியை கைபேசியில் குறித்துக்கொண்டார். ஒரு தடவை விடுபடுவது துரதிர்ஷ்டம். நான்கு வருடமும் அதே பிள்ளை விடுபட்டால், பள்ளி கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

பிறகு பேச்சு நுணுக்கங்களுக்குப் போனது. வகுப்பில் இரட்டைச் சகோதரிகள் இருக்கிறார்கள். ஒருத்தியை விட்டு இன்னொருத்தியை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். ஆளுக்கொரு சீட்டு எழுதி, எது வந்தாலும் இருவரும் ஏறலாம் என்றால்? ஆசிரியை கணக்குப் போட்டார். மற்றப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு 100-க்கு 43. இந்த இருவருக்கு 67-ஐத் தாண்டுகிறது. ஒரே சீட்டில் இரண்டு பெயரையும் எழுதினால் ஏறத்தாழ எல்லோருக்கும் உள்ளதே இவர்களுக்கும். கடைசி ஒற்றை இடத்துக்கு அந்தச் சீட்டு வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் முதலிலேயே வகுப்பில் சொல்லிவிட வேண்டும். தோழி வந்தால்தான் வருவேன் என்று ஒதுங்கும் பிள்ளைக்கும் இதே வழி திறக்கலாம்.

காலில் காலிப்பர் போட்ட ஒரு மாணவன் இருக்கிறான். அவன் பெயர் வந்தால் உதவிக்கு வருகிறவரின் இருக்கையைப் பெரியவர்களின் நான்கிலிருந்து எடுக்க வேண்டும். பிள்ளைகளின் 48-லிருந்து எடுத்தால் பழி அவன் மேல் விழும்.

“48-ஓடு நிறுத்தாதே” என்றார் அய்யா. “112 சீட்டையும் எடுத்து வரிசை போட்டுச் சுவரில் ஒட்டு. புறப்படும் நாளில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வரும். 49-வது, 50-வது பெயர் யாருடையது என்று எழுதியிருந்தால் அவர்கள் ஏறுவார்கள். இல்லாவிட்டால் உனக்குப் பிடித்த பிள்ளை ஏறும். உனக்கே தெரியாமல்.”

ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. வேடந்தாங்கல் இத்தனை பக்கத்தில் இருக்கும்போது, அதே பஸ்ஸில் ஒரே நாளில் மூன்று நடை அடித்து 112 பேரையும் கூட்டிப் போகலாமே என்று அய்யா கேட்டார். இடம் குறைவு என்பது பாதி நாம் தேர்ந்தெடுக்கும் ஊரால் வருகிறது என்பது அவர் வாதம். ஆசிரியை மறுத்தார். நாரையும் கூழைக்கடாவும் அந்தப் பிள்ளைகள் தினமும் ஏரியில் பார்ப்பவை. இருட்டறையில் நாற்காலியில் சாய்ந்து, தலைக்கு மேல் கவிந்த கூரையில் கிரகங்கள் நகர்வதை ஒருவரும் பார்த்ததில்லை. எல்லோருக்கும் கிடைக்கிறது என்பதற்காகத் தெரிந்ததையே திரும்பக் காட்டுவதா? அய்யா பதில் சொல்லவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஆசிரியை இப்போது சுவரை வேறு மாதிரிப் பார்த்தார்.

“அய்யா, ஒன்று கேட்கலாமா? குடத்தைத் தூக்கிக் காட்டினார்கள், விரலை விரித்தார்கள். எல்லாம் சரி. குடத்துக்குள் யார் பெயர் போனது?”

“கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு. வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் ஓதியிருக்க வேண்டும்.”

“அந்த நிலத்தில் நாற்று நட்டவர் பெயர்?”

“இல்லை.”

“பெண்கள்?”

“எனக்குத் தெரிந்து இந்தச் சுவரில் இல்லை.” அய்யா கல்லைத் தடவிய கையை எடுத்துக்கொண்டார். “நீ சொல்வது சரி. இத்தனை வருடம் நான் விரலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டேன். ஓலை எழுதும்போதே பாதித் தேர்வு முடிந்துவிடுகிறது.” கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். “உன் டப்பாவில் எத்தனை சீட்டு?”

“97.”

“112 என்றாயே?”

ஆசிரியை டப்பாவைப் பார்த்தார். பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தைத் திருப்பித் தந்தவர்களுக்கு மட்டும் சீட்டு எழுதியிருந்தார். 15 பேர் தரவில்லை. ஒருத்தியின் அம்மா செங்கல் சூளை வேலைக்குப் போய் வாரக் கடைசியில்தான் வருவார். ஒருவன் வீட்டில் படிவத்தைப் படித்துச் சொல்ல ஆளில்லை. படிவம் கொடுத்த அன்று பள்ளிக்கே வராதவர்களும் அதில் இருந்தார்கள்.

“கையெழுத்தைச் சீட்டு வந்த பிறகு வாங்கலாம் இல்லையா அய்யா? வீட்டுக்கே போய் வாங்கலாம்.”

அவர் பதில் சொல்வதற்குள் ஆசிரியை பையிலிருந்து நோட்டை எடுத்து, ஒரு தாளைக் கிழித்துத் துண்டுகளாக்கி, மடியில் வைத்து எழுதத் தொடங்கியிருந்தார். எழுத எழுத மடித்து டப்பாவில் போட்டார். பதின்மூன்று பெயர்கள் வந்தன. பேனா நின்றது. மறுபடி விரல்விட்டு எண்ணினார்; பெஞ்சு பெஞ்சாக வகுப்பறையை மனதில் சுற்றிவந்தார். கடைசி பெஞ்சில் சன்னலோரம் உட்காரும் பையன். முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை. இன்னொரு பிள்ளையின் முகமும் வரவில்லை.

கைபேசியை எடுத்து ‘ஆ’ பிரிவு வகுப்பாசிரியரை அழைத்தார். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு வெறும் சீட்டுகளையும் இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.