வகுப்பறையும் தேச விரதமும்



சமண முனிவர்கள் உறைந்த இடங்களைத் தமிழ் மக்கள் ‘பள்ளி’ என்றனர். நம் சிறார் கல்வி கற்கும் இடத்திற்கும் இன்று அப்பெயரே வழங்குகிறது. அப்பள்ளியின் மேல்வகுப்புகளில் ஆசிரியரின் குரலோடு இப்போது போட்டியிடுவது மாணவரின் கைப்பேசி. வகுப்பு நேரத்தில் அதற்கு எல்லை வகுத்தல் தகுமா என்னும் வினாவிற்கு, இல்லறத்தார்க்கு உரிய விரதம் ஒன்று விடை தருகிறது. அதனைச் சிந்திப்போம்.

குறித்த காலம் வரையில் குறித்த எல்லைக்குள் நிற்பேன் என உறுதி பூணுவது தேச விரதம். காலால் எல்லையைக் கடவாதிருப்பதால் மட்டும் இவ்விரதம் நிறைவுறாது. இதற்கு ஐந்து அதிசாரங்களை, அதாவது குற்றங்களை, உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. வெளியிலுள்ள பொருளை வரவழைத்தல், பிறரை ஏவுதல், குரலால் உணர்த்தல், உருவைக் காட்டி உணர்த்தல், கல் முதலியன எறிந்து குறிப்பு அறிவித்தல் என்பன அவை.

மேசையின் கீழ்க் கைப்பேசியை மறைத்து நோக்கும் மாணவனை எண்ணிப் பாருங்கள். அவன் உடல் இருக்கையை விட்டு அகலவில்லை. ஆயினும் அவன் குரல் வெளியே செல்கிறது, உருவம் செல்கிறது, வெளியுலகம் உள்ளே வருகிறது. வருகைப் பதிவேட்டில் அவன் இருக்கிறான்; பாடத்தில் இல்லை.

ஒருமுகச் சிந்தனை, மேலான உடல் வலிமை உடையார்க்கும் ஒரு முகூர்த்தத்திற்குள்ளேயே நிலைக்கும் என்பது அந்நூலின் கருத்து. முகூர்த்தமாவது 48 நிமிடம். நம் கணக்கில் இரு நாழிகை. ஒரு பாடவேளையும் ஏறக்குறைய அவ்வளவே. சிதறிய கவனம் மீண்டும் பாடத்தில் ஊன்ற 20 நிமிடம் வரை ஆகலாம் என யுனெஸ்கோ நிறுவனம் 2023இல் சுட்டிக்காட்டியது. அங்ஙனமாயின் ஒரே ஓர் அழைப்பு, பாடவேளையின் ஏறக்குறையப் பாதியைக் கவர்ந்துவிடலாம்.

பிரான்சு நாடு 2018இல் நடுநிலை வகுப்புகள் வரை பள்ளிகளில் கைப்பேசியைச் சட்டத்தால் விலக்கியது. நெதர்லாந்து 2024இல் உயர்நிலைப் பள்ளி வகுப்பறைகளிலிருந்து விலக்கியது. இவை நன்றே. ஆயினும் சட்டம் கருவியைப் பூட்டி வைக்கும், மனத்தைப் பூட்டாது. கைப்பேசி அறிவற்ற புத்கலம், அதன்மேல் குற்றமில்லை. பள்ளிகள் அடைபட்ட 2020ஆம் ஆண்டில் அதுவே பலர்க்கு வகுப்பறையாய் நின்றது. குற்றம், அதன்பால் நாம் கொண்ட பற்றிலும் விழிப்பின்மையிலும் உள்ளது. ஆதலின் முற்றும் துறக்குமாறு சிறாரை நாம் கேட்கவில்லை. இல்லறத்தார் விரதம் அளவோடு கூடியது. இடமும் காலமும் வரையறுத்தலே அதன் இயல்பு.

இங்கு நம்மையும் நாம் சோதித்துக்கொள்ள வேண்டும். வினை, செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவழியாலும் வந்து சேரும். வகுப்பு நேரத்தில் மகனை அழைத்து, “மதியம் சாப்பிட்டாயா?” என வினவும் தாய் செய்விக்கிறாள். கண்டும் காணாதிருக்கும் ஆசிரியர் உடன்படுகிறார். சாமாயிகத்தில் அமர்ந்து, அருகில் ஒலிக்கும் கைப்பேசியை எட்டிப் பார்க்கும் நாமோ, அக்குற்றத்தை நேரே செய்கிறோம். நம்மைப் பார்த்தன்றோ குழந்தைகள் கற்கின்றனர்!

எனவே நம் இல்லங்களில் இன்றே தொடங்குவோம். பள்ளி செல்லும் பிள்ளை தன் கையாலேயே கைப்பேசியை வீட்டில் வைத்துச் செல்லட்டும். கொண்டு செல்ல நேரின் அணைத்து ஆசிரியரிடம் ஒப்படைக்கட்டும். அவசரச் செய்தியைப் பள்ளி அலுவலகத்தின் வழியே தெரிவிப்போம். மாலையில் பிள்ளைகள் படிக்கும் இரு நாழிகை, பெரியோரும் தம் கைப்பேசிகளை ஓரிடத்தில் வைத்துவிடுவோம். பிறர் விதித்தால் அது தடை. நாமே ஏற்றால் அது விரதம். தடை வகுப்பறையோடு முடியும். விரதம் வாழ்நாள் முழுதும் காக்கும்.

அறம் வளர்க!