முகமூடிக்குள் இருக்கும் கண்

சென்ற ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய இரவு, ஒசூரில் என் தமக்கையின் இல்லத்தில் தங்கியிருந்தேன். தமக்கை மகன் சிப்காட் தொழிற்பேட்டையில் பணி புரிபவன்; அன்று அவனுக்கு ஷிப்டு இல்லை. வாசலில் மறுநாள் குர்பானிக்குரிய ஆடு கட்டப்பட்டிருந்தது. கூடத்தில் பிள்ளைகள் ஐவர் ஒரு கைப்பேசியைச் சூழ்ந்து அமர்ந்திருந்தனர். திரையில் வெள்ளை முகமூடி அணிந்த ஒருவன் கத்தியும் கையுமாக ஒரு வீட்டின் மாடிப்படிகளில் ஏறிக்கொண்டிருந்தான். பெரிய பிள்ளைகள் சிரித்தனர். ஏழு வயதுப் பேத்தி மட்டும் கண்களைப் பொத்திக்கொண்டு, விரலிடுக்கின் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தக்பீர் ஒலிக்க வேண்டிய இரவில் இது என்ன தம்பி?" என்றேன்.

"எல்லாம் நடிப்புத்தானே மாமு? சிவப்புச் சாயம். யாருக்கு என்ன நஷ்டம்? நாளைக் காலையில் நாமும் ஆட்டை அறுக்கத்தானே போகிறோம்? அதையும் இந்தப் பிள்ளைகள் பார்க்கத்தானே செய்வார்கள்?"

முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்குப் பாடம் சொல்லி வருபவன் நான். எனினும் அந்தக் கேள்விக்கு அன்றிரவு என்னால் விடை கூற இயலவில்லை. கடிந்துகொண்டு கைப்பேசியைப் பறித்திருக்கலாம். ஆனால் பறித்தல் விடையாகாது. அன்று கூற இயலாததை இன்று எழுத முற்படுகிறேன்.

அப்பிள்ளைகள் பார்த்தது 'ஹாலோவீன்' என்னும் அமெரிக்கத் திரைப்பட வரிசையில் ஒன்று. அக்டோபர் 31 அன்று மேலை நாட்டுச் சிறுவர் வேடமணிந்து வீடு வீடாகச் சென்று மிட்டாய் பெறும் நாளுக்கு அப்பெயர். ஜான் கார்பென்டர் என்னும் இயக்குநர் 1978இல் குறைந்த செலவில் எடுத்த அப்படம் பெரும் பொருளீட்டியது. அதன்பின் 2022 வரை அவ்வரிசையில் மொத்தம் 13 படங்கள் வந்துவிட்டன. 2007இல் முதற்கதையே மீண்டும் எடுக்கப்பட்டது. அதற்கும் முன்னர், 1974இல் கனடாவில் கிறிஸ்துமஸ் விடுமுறையைக் களமாக்கி எடுக்கப்பட்ட 'பிளாக் கிறிஸ்துமஸ்' 2006இலும் 2019இலும் மறு ஆக்கம் பெற்றது. கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் ஒருவன் கொலை புரிவதாக 1984இல் ஒரு படம் வந்தபோது, அமெரிக்கப் பெற்றோரே வீதிக்கு வந்து எதிர்த்தனர். வெளியிட்ட நிறுவனம் படத்தைத் திரும்பப் பெற்றது. அப்படமும் பின்னர்ப் பல பாகங்களாக வளர்ந்து, மறு ஆக்கமும் கண்டது.

இவற்றுக்குப் பண்டிகை ஏன் தேவைப்பட்டது? பண்டிகை நாளில் கதவு திறந்திருக்கும். அறியாதவரையும் உள்ளே அழைப்போம். பிள்ளைகள் அச்சமின்றித் திரிவர். மனிதர் ஒருவரையொருவர் நம்பும் அந்த நாளையே இப்படங்கள் முதலாக வைத்து வணிகம் செய்கின்றன. ஆண்டுதோறும் அந்நாள் திரும்ப வருவதால், வணிகமும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது.

இதனை மேலை நாட்டார் குற்றம் என்று கூறி நாம் ஒதுங்கிவிட இயலாது. அதே 1978இல்தான் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' தமிழில் வந்தது. 1980இல் அவராலேயே இந்தியில் மறு ஆக்கம் செய்யப்பட்டது. 1984இல் வந்த மணிவண்ணனின் 'நூறாவது நாள்' 1991இல் இந்திக்குச் சென்றது. பள்ளி மாணவியர் கொல்லப்படுவதைக் கதையாகக் கொண்ட 'ராட்சசன்' 2018இல் வந்து, தெலுங்கிலும் இந்தியிலும் மீண்டும் எடுக்கப்பட்டது.

'நூறாவது நாள்' படத்தை நானும் பார்த்தவன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த பருவத்தில், உஸ்தாத் அறியாமல் கீற்றுக் கொட்டகைக்குச் சென்றேன். மொட்டைத் தலையும் கண்ணாடியுமாக சத்யராஜ் தோன்றிய காட்சி பல இரவுகள் என் உறக்கத்தைக் கெடுத்தது. அச்சம் தீர நான் கண்ட வழி இன்னும் என்னை நாணச் செய்கிறது. ஒருநாள் இரவு போர்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு, என்னினும் இளைய மாணவன் ஒருவனைக் கதவோரம் நின்று அச்சுறுத்தினேன். அவன் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தான்.

உஸ்தாத் என்னை அடிக்கவில்லை. அருகில் அமர்த்தி, அபூதாவூதில் வரும் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். பயணம் ஒன்றில் தோழர் ஒருவர் உறங்கினார்; மற்றொருவர் விளையாட்டாக அவரிடமிருந்த கயிற்றை எடுக்க, உறங்கியவர் திடுக்கிட்டு விழித்தார்; ஒரு முஸ்லிமை அச்சுறுத்துவது ஆகாது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள். "கயிற்றுக்கே இப்படியென்றால் உன் போர்வைக்கு என்ன?" என்று மட்டும் கேட்டார் உஸ்தாத்.

இத்தகைய படங்கள் கொலைகாரரை உண்டாக்குகின்றன என்று கூறுவது எளிது. நான் அதனைக் கூறப்போவதில்லை. கோடிக்கணக்கானோர் பார்க்கின்றனர், அவர்கள் கொலை செய்வதில்லை. கொலைக் குற்றத்தில் அகப்பட்ட ஒருவன் ஒரு படத்தின் மேல் பழி போடுவானாயின், அது தன் கழுத்தைக் காக்கச் சொன்ன சொல்லாகவும் இருக்கலாம். நாம் வெறுக்கும் ஒன்றைக் குறித்தும் நீதி தவறலாகாது என்பதே திருமறை நமக்குத் தந்த பாடம்.

அவ்வாறெனில், கொலையைக் கதையாகச் சொல்வதே தவறா? அதுவும் இல்லை. மனித வரலாற்றின் முதற்கொலையைத் திருக்குர்ஆனே ஐந்தாம் அத்தியாயத்தில் சொல்கிறது. அதுவும் குர்பானியை ஒட்டி நிகழ்ந்த கொலை. ஆதம் (அலை) அவர்களின் மைந்தர் இருவர் காணிக்கை செலுத்தினர், ஒருவருடையது ஏற்கப்பட்டது, மற்றவன் பொறாமையால் உடன்பிறந்தாரைக் கொன்றான். அதனை இறைவன் எங்ஙனம் சொல்கிறான் என்பதை நோக்குக. கொல்லப்பட இருந்தவர், தாம் எதிர்த்துக் கை ஓங்கப் போவதில்லை என்று கூறியது சொல்லப்படுகிறது. கொன்றவன் உடலை மறைக்க வழியறியாது, மண்ணைக் கிளறிய காகத்திடம் பாடம் கற்று, நொந்து போனது சொல்லப்படுகிறது. ஆயுதம் யாது, காயம் எங்கே, குருதி எவ்வளவு என்பன சொல்லப்படவில்லை. ஓர் உயிரை அநியாயமாகக் கொல்வது மனிதகுலம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பாகும் என்னும் தீர்ப்பு அதனை அடுத்தே வருகிறது.

'ஹாலோவீன்' படத்தின் தொடக்கமோ வேறு. ஆறு வயதுச் சிறுவன் முகமூடி அணிந்து தன் தமக்கையைக் குத்திக் கொல்கிறான். அக்காட்சியை நாம் அச்சிறுவனின் கண்கள் வழியாகவே, முகமூடியின் துளைகளூடே காண்கிறோம். காண்பவர் இருக்கையில் அமர்ந்தபடியே கொல்பவனின் இடத்தில் நிறுத்தப்படுகின்றனர். வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. திருமறையின் வரலாறு நம்மைக் கொல்லப்பட்டவரின் சொல்லருகிலும், கொன்றவனின் வருத்தத்தருகிலும் நிறுத்துகிறது. இப்படங்கள் நம்மைக் கத்தியின் பிடியருகில் நிறுத்துகின்றன. கொல்லப்படுவோருக்காக அழ அங்கே யாருமில்லை. அடுத்த கொலைக்கு நேரமாகிவிடுகிறது.

மறு ஆக்கம் வருந்தோறும் நிகழ்வது யாது? கதை பழையது, ஆகவே கொடுமை புதிதாக வேண்டும். உறுப்புகளின் ஒவ்வொரு செயலும் இதயத்தில் ஒரு சுவட்டை விட்டுச் செல்கிறது என இமாம் கஸ்ஸாலி (ரஹ்) விளக்குவார்கள். நேற்று விரலிடுக்கால் பார்த்த குழந்தை நாளை விரலை எடுத்துவிடும்; மறுநாள் சிரிக்கும். அவள் கொலைகாரி ஆகமாட்டாள். ஆனால் பிறர் அலறல் கேட்டு எழுந்து ஓடும் கால்களை இழந்துவிடக் கூடும். "யாருக்கு என்ன நஷ்டம்?" என்ற கேள்விக்கு என் விடை இதுவே.

இனி ஆட்டைப் பற்றிய கேள்வி. பிராணியின் கண்முன்னே கத்தி தீட்டிய ஒருவரைக் கண்ட பெருமானார் (ஸல்), அதனை இருமுறை சாகடிக்கப் போகிறீரா என்னும் கருத்துப்படக் கடிந்தார்கள். அச்சமே முதல் மரணம் என்பது இதன் பொருளன்றோ? கத்தி கூராக இருக்க வேண்டும். ஒன்றன்முன் மற்றொன்றை அறுக்கலாகாது. இறைவன் பெயர் கூற வேண்டும். இறைச்சி ஏழைக்கும் உற்றாருக்கும் சேர வேண்டும். இவ்விதிகள் அனைத்தும், உயிரெடுக்கும் கை அதில் இன்பம் காணாதிருக்க இடப்பட்ட வேலிகள்.

ஆனால் உண்மையைச் சொல்வதானால், அவ்வேலியை நாமே பிரித்துவிட்டோம். அறுப்பதைக் கைப்பேசியில் படம் பிடித்து, பாட்டுச் சேர்த்து, ஊர் முழுதும் அனுப்பும் இளைஞரை நம் தெருக்களில் நான் பார்க்கிறேன். அவர்களிடத்தில் என் மருமகனின் கேள்வி வெல்கிறது. நம் விடை தோற்கிறது.

மற்றுமொன்று. 1981இல் கனடாவில் எடுக்கப்பட்டு, காதலர் தினத்தைக் களமாகக் கொண்ட 'மை பிளடி வாலன்டைன்' என்னும் படத்தில், மேற்பார்வையாளர்கள் சுரங்கத்தின் மீத்தேன் வாயுவைச் சோதிக்காமல் விழா நடனத்திற்குச் சென்றுவிடுவர். உள்ளே தொழிலாளர் மாள்வர். படம் அந்த அநீதியைச் சிறிது காட்டிவிட்டு, முகமூடிக்காரனின் குந்தாலிப் பின்னால் ஓடிவிடுகிறது. 2009இல் வந்த மறு ஆக்கமோ, அக்குந்தாலி பார்ப்பவர் முகத்தெதிரே பாய்ந்து வருமாறு முப்பரிமாணத்தில் எடுக்கப்பட்டது.

நம் எல்லையில் அதற்கொப்ப நிகழ்ந்ததை நினைவூட்ட வேண்டுமா? 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் மாண்டனர். அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று, ஒசூரைக் கடந்தால் வரும் கர்நாடக எல்லை ஊரான அத்திப்பள்ளியில், தீபாவளி விற்பனைக்கு வந்த பட்டாசுகள் தீப்பற்றி 14 பேர் கருகினர். மருத்துவமனையில் மேலும் சிலர் இறந்தனர். விழாக்கால வேலைக்கென வந்த தமிழ்நாட்டு இளைஞர் அவர்களுள் பலர். பண்டிகையைக் களமாகக் கொண்ட உண்மை மரணம் இதுதான். இதில் முகமூடி இல்லை, கத்தி இல்லை, கவனக்குறைவும் பேராசையும் மட்டுமே முகமற்று நிற்கும். முகமூடிக்காரனின் பெயரைக் கடல் கடந்த பிள்ளைகளும் அறிவர். அந்த 14 பேரில் ஒருவரின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அஞ்ச வேண்டியதற்கு அஞ்சவும், அழ வேண்டியவர்க்கு அழவும் இறைவன் தந்த உணர்வை, நாம் சாயத்திற்குச் செலவிட்டுத் தீர்த்துவிடுகிறோம்.

மறுநாள் தொழுகை முடிந்து வந்தபோது, பேத்தி என் கையைப் பற்றிக்கொண்டு, "ஆடு பயப்படுமா நன்னா?" என்று கேட்டாள். "பயப்படாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை அம்மா" என்றேன். மருமகன் அதைக் கேட்டான், ஒன்றும் பேசவில்லை. கத்தியைத் துணியில் சுற்றி, ஆட்டின் பார்வைக்கு எட்டாத கொல்லைப்புறம் கொண்டு சென்றான். படமெடுக்க நின்ற பக்கத்து வீட்டுப் பையனிடம், கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு வருமாறு கூறினான்.

அவன் இனி அத்தகைய படங்களைப் பார்க்கமாட்டான் என நான் உறுதி கூறேன். ஆயினும் பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்க நேர்ந்தால் அவன் ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: "இப்போது இறந்தவளின் தாய் எங்கே?" அக்கேள்வியை எந்த மறு ஆக்கமும் தாங்காது. நம் பிள்ளைகளின் இதயங்களை இறுகிப் போகாமல் இறைவன் காப்பானாக, முதலில் நம்முடையவற்றை.