ஊழும் சாய்வும்

எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் இரண்டு கோடுகள் போட்டேன். ஒருத்தி கையில் 50 ரூபாய், வாரம் 2 சேர்க்கிறாள். இன்னொருத்தியிடம் 20, வாரம் 5. பத்தாம் வாரம் இருவரிடமும் 70. அப்புறம் இரண்டாமவளே முன்னால். "அந்த 50 யார் குடுத்தது, டீச்சர்?" என்றான் கடைசி பெஞ்சுக்காரன். சிலபஸில் இல்லாத கேள்வி.

வள்ளுவர் 38ஆம் அதிகாரத்தில் ஊழை மிஞ்ச எதுவுமில்லை என்கிறார். 62இல், தளராமல் முயன்றால் அதையும் வெல்லலாம் என்கிறார். தொடக்க மதிப்பு ஊழ், சாய்வு முயற்சி என்று பிரித்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் வாரம் 5 ரூபாய் மிச்சம் பிடிக்க வீட்டில் கூலி ஒழுங்காக வரவேண்டுமே! சாய்விலும் ஊழ் புகுந்துவிடுகிறது. இருவருமே வாரம் 5 சேர்த்தாலோ கோடுகள் இணை. அந்த 30 ரூபாய் இடைவெளி ஆயுசுக்கும் குறையாது.