கணக்கு எந்தத் தேதியில் ஆரம்பம்?

ஆரணியில் ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எதிர் வீட்டில் பஞ்சாயத்து. பட்டுப்புடவை முதலாளி ஒருவருக்கும், அவரிடம் கூலிக்கு நெய்யும் நெசவாளி ஒருவருக்கும் தகராறு. நடுவில் ஒரு பெரியவர். அந்தக் காலத்தில் அவரும் தறியில் உட்கார்ந்தவர்தான்.

''போன வாரம் புடவை வந்துச்சு. முந்தானையில கறை. அதான் கூலியில பிடிச்சேன்'' என்றார் முதலாளி.

''அது போன வாரத்துக் கதைங்க. பாவு தரேன்னு சொன்னது ஆடி மாசம். தந்தது ஆவணி கடைசி. கல்யாண ஆர்டர்னு ராத்திரி பகலா நெய்ய வெச்சா கறை படாம என்ன பண்ணும்?'' என்றார் நெசவாளி.

''பாவு ஏன் லேட்டாச்சு? அதுக்கு முந்தி நீ வாங்கின முன்பணம் என்னாச்சுன்னு சொல்லு...''

பெரியவர் சிரித்தார். ''இப்படியே போனா ரெண்டு பேரும் உங்க தாத்தா காலத்துக்குப் போயிடுவீங்கப்பா.''

எனக்குச் சுருக்கென்றது. இதே ஆரணி மண்ணில் நடந்த ஒரு பெரிய சண்டையின் வழக்கு இருநூற்று நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தீர்ப்பாகாமல் கிடக்கிறதே!

1782 ஜூன் 2. மைசூர் ஹைதர் அலி தன் படைக்கான தளவாடங்களைக் குவித்து வைத்திருந்த ஊர் ஆரணி. அதைப் பிடிக்க கிழக்கிந்திய கம்பெனியின் தளபதி ஐர் கூட் படையோடு வந்தார். ஹைதரும் அவர் மகன் திப்புவும் எதிர்த்து நின்றார்கள். ஆரணி கம்பெனிக்குக் கிடைக்கவில்லை. சரித்திரம் இதை இரண்டாம் மைசூர்ப் போரில் ஒரு அத்தியாயம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். ஆனால், அந்தப் போரை ஆரம்பித்தது யார்?

1780 ஜூலையிலிருந்து கதையை ஆரம்பித்தால், ஹைதர்தான். மலையைத் தாண்டி ஆற்காடு நவாபின் சீமைக்குள் பெரும் படையோடு இறங்கியவர் அவர். இங்கிலாந்துக்காரர்கள் எழுதிய பழைய சரித்திரங்கள் பல இங்கேதான் ஆரம்பிக்கும்.

ஒரு வருஷம் பின்னால் போங்கள். 1779-ல் கம்பெனி, பிரெஞ்சுக்காரர்களின் மாஹேயைப் பிடித்தது. 'மாஹே என் பாதுகாப்பில் இருக்கிறது, தொடாதே' என்று ஹைதர் எச்சரித்திருந்தார். அவருக்கு ஆயுதங்கள் வந்திறங்கிய துறைமுகம் அது. இப்போது குற்றவாளி கம்பெனி.

இன்னும் பத்து வருஷம் பின்னால். 1769-ல் சென்னையில் இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டன. ஒருவரை யாராவது தாக்கினால் இன்னொருவர் உதவிக்கு வர வேண்டும். அடுத்த இரண்டு வருஷத்துக்குள் மராட்டியர்கள் ஹைதரை அடித்து நொறுக்கினார்கள். கம்பெனி கைகட்டி வேடிக்கை பார்த்தது. இந்திய வரலாற்றாசிரியர்கள் பலர் விரல் வைப்பது இந்த இடத்தில்.

அதற்கும் முன்னால்? 'உதவிக்கு வந்தால் திருச்சியைத் தருகிறேன்' என்று மைசூருக்கு வாக்குக் கொடுத்து, ஜெயித்த பிறகு 1752-ல் கையை விரித்தார் நவாப் முகமது அலி. அந்தப் போரிலும் ஆரணி உண்டு. 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் ஜெயித்தது இங்கேதான்!

நான் படித்தது பி.காம். கணக்குப் புத்தகத்தில் முதல் வரி 'முன் நிலுவை'. அந்த வரியை எந்தத் தேதியில் எழுதுகிறோமோ, அதைப் பொறுத்து கடன்காரன் கடன் கொடுத்தவனாகிவிடுவான். போருக்குக் காரணம் தேடுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். பலர் தேதியைத் தேர்ந்தெடுக்கும்போதே தீர்ப்பையும் எழுதிவிடுகிறார்கள்.

எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு போட்டதே, அந்த முதல் உலகப் போருக்கும் இதே கதிதான். 1919-ல் வெர்சேல்ஸ் ஒப்பந்தம் ஜெர்மனி மீதும் அதன் கூட்டாளிகள் மீதும் பொறுப்பைச் சுமத்தியது. அப்புறம் 'எல்லா நாடுகளும் சேர்ந்து சறுக்கி விழுந்தன' என்று பேச்சு மாறியது. 1961-ல் ஃப்ரிட்ஸ் ஃபிஷர் என்ற ஜெர்மானியரே 'பெரிய பொறுப்பு எங்களுடையதுதான்' என்று எழுதி, சொந்த நாட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டார். 2012-ல் கிறிஸ்டோபர் கிளார்க், 'எல்லோருமே தூக்கத்தில் நடந்தவர்கள்' என்றார். சண்டை இன்னும் ஓயவில்லை.

அப்படியானால் எல்லோரும் குற்றவாளிகள், அதனால் யாருமே குற்றவாளி இல்லை என்று கணக்கை மூடிவிடலாமா?

கூடாது. காரணம் வேறு, பொறுப்பு வேறு. காரணத்துக்கு முடிவே கிடையாது. பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். பொறுப்பு அப்படியல்ல. ஒவ்வொரு பதிவுக்குப் பக்கத்திலும் ஒருவர் கையெழுத்து இருக்கிறது. வாக்கை மீறியது கம்பெனியின் கையெழுத்து. கோபப்பட ஹைதருக்கு நியாயம் இருந்தது. ஆனால், சென்னையைப் பட்டினி போட, சுற்றுவட்டாரக் கிராமங்களைக் கொளுத்தச் சொன்னது ஹைதரின் கையெழுத்து. 1769-ல் ஏமாந்தது அதற்கு விளக்கமாகலாம். நியாயமாகாது.

ஏனென்றால் வீடு எரிந்தவன் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டவன் இல்லை. ஊரை விட்டு ஓடி வந்து பசியில் விழுந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-ல் சென்னையில் ஏற்பட்டது மணியக்காரர் சத்திரம். அந்தக் கஞ்சித்தொட்டி வழியாக வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. மாஹேயையும் திருச்சியையும் பற்றி வாதாடுகிறவர்கள், அந்தக் கஞ்சி வரிசையில் நின்றவர்களிடம் போய் தங்கள் வாதத்தைச் சொல்லிப் பார்க்கட்டும்.

கடைசியில் எதிர் வீட்டுப் பஞ்சாயத்து என்ன ஆயிற்று?

''அவன் என்ன பண்ணான்னு ரெண்டு பேரும் சொல்லிட்டீங்க. இப்ப, நீ செய்யாம இருந்திருக்கலாமே, அது என்ன? அதை மட்டும் சொல்லுங்க'' என்றார் பெரியவர்.

ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.

''பாவு லேட்டாச்சுன்னா, கெடுவைத் தள்ளிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கல'' என்றார் முதலாளி.

''டீ டம்ளரைத் தறி மேல வெச்சுக்கினு நெய்ஞ்சேங்க'' என்றார் நெசவாளி, தலையைக் குனிந்தபடி.

பிடித்த கூலியில் பாதி அன்றைக்கே கைக்கு வந்தது.