கொத்தனார் சொன்ன பொய்

சில மாதங்களுக்கு முன் ஒரு வாசிப்பு வட்டத்தில் பேசிவிட்டு உட்கார்ந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுந்தார். “தோழர், நமக்கு வரலாறே இல்லேன்னு அவன் சொல்றான். இருந்ததையும் அவனே அழிச்சுட்டான். அப்ப நாமளே ஒண்ணை எழுதி வச்சுக்கிட்டா என்ன தப்பு? அவன் எழுதி வச்சிருக்கிறதெல்லாம் மட்டும் உண்மையா?” என்று கேட்டார். கைதட்டல் எழுந்தது. நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும், அந்தத் தம்பிக்கும் தெரியும்.

இந்தக் கேள்வியைச் செயலாகவே செய்து பார்த்த ஒரு மனிதர் இருந்தார். வேல்ஸ் நாட்டுக்காரர், கவிஞர். தொழில், கொத்து வேலை. அவர் கதையைச் சொன்னால்தான் நான் அன்று சொல்லாமல் விட்ட பதிலுக்கு வர முடியும்.

அவர் பெயர் எட்வர்ட் வில்லியம்ஸ். 1747இல் தெற்கு வேல்ஸில் கிளாமோர்கன் என்ற வட்டாரத்தில் பிறந்தார். அப்பா கொத்தனார், மகனும் கொத்தனார். சுவர் கட்டுவது, கல் செதுக்குவது, கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டுவது. அப்பா கல்லில் வெட்டுவதைப் பார்த்தே எழுத்துக் கற்றதாக அவர் எழுதியிருக்கிறார். பாட்டுப் புத்தகத்தை வைத்து வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அம்மா. ஆயுள் முழுக்க இளைப்பு நோய். அதற்காகக் குடிக்க ஆரம்பித்த அபின் கரைசல் கடைசிவரை விடவில்லை. கடன் கட்ட முடியாமல் 1786–87இல் கார்டிஃப் சிறையில் கிடந்தார். 1826 டிசம்பரில் செத்துப்போனார். இவ்வளவும் உண்மை.

ஆனால் வேல்ஸ் மக்கள் அவரை அறிந்தது யோலோ மொர்கானுக் என்ற பெயரில். அவரே வைத்துக்கொண்ட புனைபெயர் அது. மொர்கானுக் என்றால் அவர் மொழியில் கிளாமோர்கன். இந்த யோலோ சொன்னது வேறு கதை. கிறிஸ்துவுக்கு முந்திய ட்ரூயிட் பூசாரிகளின் ஞானம் வேல்ஸ் பாணர்கள் வழியாக அறுபடாமல் வந்ததாம். மற்ற இடங்களில் அறுந்துபோக, கிளாமோர்கனில் மட்டும் தப்பிப் பிழைத்ததாம். அதன் கடைசி வாரிசுகளில் ஒருவர் அவராம்! 1792 ஜூன் 21 அன்று லண்டனில் பிரிம்ரோஸ் குன்றின்மேல் சில வேல்ஷ்காரர்களைச் சேர்த்து, வட்டமாகக் கல் வைத்து, ‘கோர்செத்’ என்ற பாணர் சபையைக் கூட்டினார். ஆதிகாலச் சடங்கு என்றார். ஆதிகாலம் எதுவும் இல்லை. சடங்கை உருவாக்கியவர் அவரேதான். பாணர்களுக்கென்று ஒரு பழைய நெடுங்கணக்கு இருந்ததாகச் சொல்லி எழுத்துகளையும் காட்டினார். அதுவும் அவர் கைவேலை.

இதைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. 14ஆம் நூற்றாண்டின் தாவித் அப் குவிலிம்தான் வேல்ஷ் மொழியின் மிகப் பெரிய கவிஞர். அவருடைய கவிதைகளை 1789இல் லண்டன் வேல்ஷ்காரர்கள் புத்தகமாக அச்சிட்டார்கள். அதன் பின்னிணைப்புக்குச் சில கவிதைகளைத் தேடி எடுத்ததாகச் சொல்லி யோலோ அனுப்பினார். தேடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. பலவற்றை அவரே எழுதியிருந்தார். நூறு வருஷத்துக்கு மேல் அவற்றைத் தாவிதின் கவிதை என்றே படித்தார்கள், மெச்சினார்கள்.

இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். உழைக்கிறவன் செய்ததை மேலே இருக்கிறவன் தன் பெயரில் போட்டுக்கொள்வதுதான் நாம் பார்த்த வழக்கம். இங்கே ஒரு கொத்தனார் தன் கையால் எழுதியதை, நானூறு வருஷத்துக்கு முன் செத்துப்போன, நல்ல குடும்பத்தில் பிறந்த ஒரு கவிஞனுக்குத் தானம் கொடுக்கிறார். ஏன்? கொத்தனார் எழுதினான் என்றால் யார் படிப்பார்கள் என்ற நினைப்பு அதில் இல்லையா? என் வாயால் சொன்னால் கேட்கமாட்டான், பெரிய மனுஷன் வாயால் சொல்லவைக்கிறேன் என்பதுதானே இது? ஏமாற்று வேலைக்குள் இருக்கிற அந்த வலி எனக்குப் புரிகிறது. புரிவதால்தான் அதை நியாயம் என்று சொல்லத் தயங்குகிறேன்.

அவர் காலத்து வேல்ஸையும் பார்க்க வேண்டும். 1536இல் லண்டன் போட்ட சட்டம் நீதிமன்றத்துக்கும் பதவிக்கும் ஆங்கிலம்தான் என்றாக்கிவிட்டது. வேல்ஷ் பேசுகிறவன் சொந்த ஊரிலேயே வழக்கு புரியாமல் நின்றான். யோலோ இறந்து இருபது வருஷம் கழித்து, வேல்ஷ் தெரியாத மூன்று அதிகாரிகள் பள்ளிக்கூடங்களை விசாரிக்க வந்தார்கள். இந்த ஜனங்கள் ஒழுக்கம் கெட்டவர்கள், இவர்கள் மொழிதான் முன்னேற்றத்துக்குத் தடை என்று 1847இல் அறிக்கை கொடுத்தார்கள். இப்படி மிதிபட்ட மக்களிடம் “நீ ஆதி ஞானியின் வாரிசு” என்று ஒருவன் சொன்னால் கண் கலங்கி நம்பத்தானே செய்வார்கள்?

நம்பினார்கள். 1819இல் கார்மார்தன் ஊரில் ஒரு சத்திரத்துத் தோட்டத்தில் கூழாங்கற்களை வட்டமாக வைத்து, தன் கோர்செத்தை ஐஸ்தெத்வோத் என்ற கவிதைத் திருவிழாவோடு யோலோ இணைத்துவிட்டார். இன்றைக்கும் அந்தத் திருவிழாவில் கோர்செத் சடங்கு நடக்கிறது. உறையிலிருந்து பாதி உருவிய வாளின் கீழே “சமாதானமா?” என்று மூன்று முறை கேட்கிறார்கள். “சமாதானம்” என்று கூட்டம் பதில் சொல்கிறது.

இவ்வளவும் புனைவு என்று நிரூபித்தது யார்? வேல்ஸை இளக்காரமாகப் பார்த்த இங்கிலாந்துப் பண்டிதன் என்று நினைப்போம். இல்லை. கோர்செத்தின் பழமை பொய் என்று 1896இல் எழுதியவர் ஜான் மோரிஸ்-ஜோன்ஸ், வேல்ஷ் மொழியின் பெரும் இலக்கண அறிஞர். பின்னிணைப்புக் கவிதைகள் யோலோ எழுதியவை என்று 1926இல் புத்தகம் போட்டு நிறுவியவர் ஜி.ஜே. வில்லியம்ஸ். வேல்ஸ் தேசிய கட்சிக்கு முன்னோடியான சிறு குழு 1924இல் பெனார்த்தில் கூடியது இந்த வில்லியம்ஸ் வீட்டில்தான். தன் மக்களின் உரிமைக்காகக் கூடியவர்தான் தன் மக்களின் பொய்யையும் உடைத்தார். யோலோ இறந்து சரியாக நூறு வருஷம் ஆகியிருந்தது. யோலோவை அவர் வெறும் மோசடிக்காரன் என்று தூக்கியெறியவில்லை. அவர் எவ்வளவு பெரிய கவிஞர் என்பதையும் வில்லியம்ஸின் ஆய்வுதான் எடுத்துக் காட்டியது. கொத்தனாரின் கவிதை கொத்தனார் பெயருக்குத் திரும்பி வந்தது. அதைத் திருப்பிக் கொடுத்தது உண்மை.

பொய் என்ன நஷ்டம் செய்தது? யோலோ வெறும் புனைவாளர் இல்லை. கால்நடையாகவே ஊர் ஊராகப் போய்ப் பழைய சுவடிகளைப் பார்த்துப் பிரதி எடுத்தவர். அவர் சேர்த்ததில் அசலும் உண்டு. ஆனால் அசலுக்குள் போலியைக் கலந்துவிட்டார். அதனால் அவர் கைப்பட்ட ஒவ்வொரு தாளையும் ‘இது யோலோ செய்ததா?’ என்று சந்தேகப்பட வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் வேல்ஸுக்கு நிஜமான பழமை இல்லாமலில்லை. 1176இல் ரீஸ் பிரபு கார்டிகன் கோட்டையில் கவிதைப் போட்டியும் இசைப் போட்டியும் நடத்தி, வென்றவர்களுக்கு நாற்காலி பரிசளித்தது நாளாகமத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இருந்ததே போதும். போதாது என்று நினைத்தது யோலோவின் மனசு.

இன்னொரு நஷ்டம் அரசியல் சார்ந்தது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. யோலோ முடியாட்சியை வெறுத்தவர், பிரெஞ்சுப் புரட்சியைக் கொண்டாடியவர், தன்னைச் சுதந்திரத்தின் பாணன் என்று சொல்லிக்கொண்டவர். பிரிம்ரோஸ் குன்றில் அவர் கூட்டிய சபை 1792ஆம் வருஷத்துச் சபை. புரட்சியின் சூடு அதில் இருந்தது. ஆனால் “இதை நான் இன்று ஆரம்பிக்கிறேன், ராஜாக்களுக்கு எதிராக ஆரம்பிக்கிறேன்” என்று அவர் சொல்லவில்லை. “ஆதியிலிருந்து வருகிறது” என்றார். ஆதி என்று சொன்னால் அது யாருக்கும் சொந்தமில்லை, எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 1946இல் மவுன்டன் ஆஷ் ஊரில் அதே கோர்செத்தில் அங்கி உடுத்திச் சேர்க்கப்பட்டவர் பிரிட்டிஷ் அரசரின் மகள் எலிசபெத். பின்னாளில் ராணி. அரசர்களை வெறுத்த ஒரு கொத்தனாரின் சபை இளவரசிக்கு மரியாதை செய்யும் இடமாயிற்று. உண்மையான பிறப்பைச் சொல்லியிருந்தால் அவ்வளவு லேசாக அது நடந்திருக்குமா?

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நானும் பொய் சொன்னவனாவேன். 1917 செப்டம்பரில் பிர்கன்ஹெட்டில் ஐஸ்தெத்வோத் நடந்தது. பரிசு பெற்ற கவிஞரை எழுந்து நிற்கச் சொல்லி அழைத்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் பண்ணையில் வளர்ந்த எல்லிஸ் எவன்ஸ், கவிதைப் பெயர் ஹெத் வின். ஜூலை 31இல் பெல்ஜியப் போர்க்களத்தில் செத்திருந்தார். அவருக்குரிய நாற்காலியைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். அந்தச் சடங்கு போலி, அந்தக் கண்ணீர் போலியில்லை. சமாதானமா என்று கேட்கிற ஒரு சடங்கை யோலோ கொடுத்திராவிட்டால் அந்த மக்கள் அந்தத் துக்கத்தை எங்கே கொண்டுபோய் வைத்திருப்பார்கள்? மக்கள் ஒன்றை உண்மையாக வாழ்ந்துவிட்டால் அது அவர்களுடையதாகிவிடும். ஆனால் அதற்காக அதன் பிறந்த தேதியை மாற்றிச் சொல்லத் தேவையில்லை.

யோலோவின் வாழ்க்கையில் நம்மைத் தொடுகிற ஒரு விஷயம் உண்டு. அவருடைய சகோதரர்கள் ஜமைக்காவுக்குப் போய் அடிமைகளை வைத்துச் சொத்துச் சேர்த்தார்கள். அந்தப் பணம் தனக்கு வேண்டாம் என்று அவர் அறிவித்தார். 1790களில் கௌபிரிட்ஜ் ஊரில் சின்னக் கடை வைத்தபோது, அடிமைகள் விளைவித்த மேற்கிந்தியச் சர்க்கரையை விற்கவில்லை. மனித ரத்தம் படியாத சர்க்கரை என்று விளம்பரம் செய்து கிழக்கிந்தியச் சர்க்கரை விற்றார். கிழக்கிந்தியா என்றால் கம்பெனி ஆண்ட நம்முடைய நாடு.

இங்கே ரத்தம் இல்லையா? 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டபோது கம்பெனி ஆண்ட பகுதிகளை விட்டுவிட்டது. இங்கே சட்டம் அடிமைத்தனத்தைக் கைவிட்டது 1843இல்தான். யோலோ கடை நடத்திய அதே காலத்தில், சென்னை மாகாணத்தில் பறையர், பள்ளர் குடும்பங்களை நிலத்தோடு சேர்த்து விற்றார்கள், அடமானம் வைத்தார்கள். அந்த நல்ல மனிதருக்கு நாம் கண்ணில் படவில்லை. சர்க்கரை விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை, நம்பினார். ஆனால் நல்லெண்ணத்தோடு நம்புகிற கதையும் யாரோ ஒருவரை மறைத்துவிடும். வேல்ஸில் விற்ற ‘ரத்தமில்லாத சர்க்கரை’ என்ற கதைக்குள் மறைந்து போனவர்கள் நம் முப்பாட்டன்மார்.

இப்போது என் கதை. பல வருஷங்களுக்கு முன் எங்கள் ஊரில் பஞ்சமி நிலத்தை மீட்க மனுக் கொடுத்தோம். எங்களிடம் பதிவேட்டு நகல் இருந்தது, வெள்ளைக்காரன் காலத்து ஒப்படை ஆவணம். பலமான ஆதாரம். எனக்கு அது போதவில்லை. துண்டறிக்கை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, சோழர் காலத்திலிருந்தே இந்த நிலம் எங்களுடையது, ஏரிக்கரைக் கல்லில் அப்படி வெட்டியிருக்கிறது என்று எழுதினேன். அந்தக் கல்லில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. விசாரணையன்று எதிர்த்தரப்பு கல்லைப் படித்த குறிப்போடு வந்தது. ஏதோ கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்த விவரம். “இதுவே பொய், அப்ப இவங்க ஆவணம் மட்டும் என்ன லட்சணம்?” என்று என் துண்டறிக்கையை ஆட்டிக் காட்டினார் வக்கீல். எங்கள் பெரியம்மா ஒருவர் வெளியே வந்து கேட்டார்: “ஏம்ப்பா, நம்ம கையில உள்ளது பத்தலியா ஒனக்கு?” நிலம் இன்னும் கிடைக்கவில்லை. அந்தக் கேள்விக்கும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

பத்தலியா என்பதுதான் கேள்வி. பழம்பெருமை இருந்தால்தான் மரியாதை, ஆண்ட வம்சம் என்றால்தான் மனுஷன் என்பது யார் போட்ட விதி? நம்மை மிதித்தவன் போட்ட விதி. அதற்குள் போய் நாமும் ஒரு பொய்ப் பட்டயம் செய்து நீட்டினால், அவன் விதியை ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம். பட்டயம் போலி என்று தெரியும் நாளில் நம் நிஜமும் சேர்ந்து அடிபடும். அவர்கள் பொய்யைத் தாங்கப் பணமும் பதவியும் இருக்கிறது. நம் பொய்யைத் தாங்க ஒன்றுமில்லை. நம் கையில் இருக்கிற ஒரே பலம், நாம் சொல்வது நடந்தது என்பது.

கோர்செத்தின் முழக்கம் ‘உலகத்துக்கு எதிரே உண்மை’. அதை உருவாக்கித் தந்தவரும் யோலோதான். பொய்ச்சுவடி எழுதிய கைதான் இதையும் எழுதியது. அதை நினைத்துச் சிரிக்கவும் முடியவில்லை, வெறுக்கவும் முடியவில்லை. கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டுகிறவனுக்கு ஒன்று தெரியும்: கல்லில் தப்பாக வெட்டியதை அழிக்க முடியாது. தாளில் எழுதும்போது அவர் அதை மறந்துவிட்டார்.

அந்த மாணவத் தம்பிக்கு: பாட்டுக் கட்டு, கதை எழுது, புதுச் சடங்கே வேண்டுமானாலும் உண்டாக்கு. கீழே உன் பெயரையும் இன்றைய தேதியையும் போடு. நாம் ஆரம்பித்தது என்று சொல்வதில் என்ன குறைச்சல்?