கம்பியில் வராதது

மின்னணுப் போர்டு ஒன்று தான் அளந்ததைக் கணினிக்கு அனுப்பும்போது அங்கே நிகழ்வது அறிவித்தலா, வெறும் கடத்தலா என்னும் கேள்வி பொறியியலுக்குள் அடங்கிவிடுவதன்று. இயந்திரத்தையும் கண், செவி முதலிய புலன் வாயில்களையும் 'பொறி' என்ற ஒரே சொல்லால் வழங்கும் தமிழில், பொறி அறியுமா என்று பல நூற்றாண்டுகளாகக் கேட்டுவந்த சைவ சித்தாந்தத்துக்கும் அது உரிய கேள்வியாகும்.

கேரளப் பள்ளிகளின் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் கணினிக் குழுக்களில் பிள்ளைகள் பழகும் ஆர்டுயினோ போர்டையே எடுத்துக்கொள்ளலாம். அவ்வகையில் பரவலாக வழங்கும் ஊனோ போர்டு, வெப்ப உணர்கருவி போன்றவை தரும் மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரையிலான ஓர் எண்ணாக்குகிறது. எட்டு பிட் கொண்ட கட்டாகிய பைட்டில் 255க்கு மேற்பட்ட எண் அடங்காததால், அது இரண்டு பைட்டுகளாகப் பிரிந்து, ஒரே தடத்தில் பிட் பிட்டாக வரிசையில் செல்கிறது. தடம் சும்மா இருக்கையில் மின்னழுத்தம் உயர்ந்து நிற்கும். அது தாழ்ந்தால் தொடக்கம். பின் எட்டு பிட்டுகளும் ஒரு முடிவு பிட்டும் வரும். காலத்தை உணர்த்தத் தனிக்கம்பி கிடையாது என்பதால், வினாடிக்கு 9600 பிட் என்பது போன்றதொரு வேகத்தை இருபுறமும் முன்னதாகவே ஏற்றிருக்க வேண்டும். அந்த உடன்பாடு தடத்தின் வழியே வருவதில்லை.

அதனினும் நுட்பமானது பைட்டுகளின் வரிசை. 300 என்னும் எண் 1, 44 என்ற இரு பைட்டுகளாகப் போகும். 256ஐ ஒன்றால் பெருக்கி 44ஐக் கூட்டினால் 300 மீளும். பெறும் நிரலோ இரண்டாவது பைட்டே பெரிய பகுதி என்று கொண்டால், அதே பைட்டுகளிலிருந்து 11265 பிறக்கும். ஒரு பிட்டும் சிதையவில்லை. பிட்டுகள் பழுதின்றி வந்தனவா என்று பார்க்கும் சரிபார்ப்பு எதுவும் பிழை காட்டாது. ஆயினும் சொன்னது வேறு, கொண்டது வேறு.

கேரள-தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களின் பேச்சிலும், சொன்னது வேறு கொண்டது வேறாகும் இத்தகைய இடம் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லையின் இருபுறமும் இரு மொழிகளும் தொடர்ந்து புழங்கின. 'அவசரம்' என்பது தமிழில் விரைவு, மலையாளத்தில் வாய்ப்பு. ஒலி பழுதின்றிச் செவிக்கு வந்தாலும் தொலைவிலிருந்து வந்த தமிழர் தடுமாறுவார். உள்ளூர்க்காரர் தடுமாறார், ஏனெனில் அவருக்குரிய உடன்பாடு கூடி வாழ்ந்ததில் விளைந்தது.

சைவ சித்தாந்தத்தின் 13ஆம் நூற்றாண்டு ஆசிரியராகிய மெய்கண்டார், சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரத்தில், ஐம்பொறிகள் உயிரின் துணையால் அளந்தும் தாம் அறிவதில்லை என்று காட்டி, காந்தத்தின் முன் இரும்பைப் போல உயிரும் இறைவன் அறிவிக்கவே அறிகிறது என்கிறார். இதைக் கொண்டு போர்டை உயிராகவும் கணினியை இறைவனாகவும் உருவகிக்கத் தோன்றலாம், அது பிழை. 11265ஐ ஐயமின்றி ஏற்கும் கணினியும் ஒரு பொறியே. 'இந்த அறை இவ்வளவு சூடாக இருக்க முடியாது' என்று திரையைப் பார்த்துத் துணுக்குறும் மாணவியிடத்தில்தான் அறிதல் தொடங்குகிறது. அந்தத் துணுக்குறல் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதே சித்தாந்தத்தின் அடுத்த கேள்வி.

பொருள் கம்பியில் வராதது போலவே கல்லிலும் அடங்கியிருப்பதில்லை. நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள அருவிப்புறத்தில் 1888ஆம் ஆண்டுச் சிவராத்திரியன்று, நெய்யாற்றில் மூழ்கி எடுத்த கல்லைத் துறவியான நாராயண குரு சிவலிங்கமாக நிறுவினார். நிறுவும் உரிமை யாருக்கு என்ற வழக்கு அன்று சாதியோடு பிணைந்திருந்தது. ஈழவக் குடியில் பிறந்த அவர் எவருடைய இசைவுக்கும் காத்திராமல் அதைச் செய்தார். ஆற்றடியில் கிடந்தபோதும் பீடத்தில் அமர்ந்தபோதும் அக்கல்லின் அணுவில் மாற்றமில்லை. ஆயினும், கோயில் வாயில் தமக்கு அடைபட்டிருந்தவர்கள் அவ்விரவில் அதன்முன் கைகூப்பி நின்றார்கள்.