எச்சம்

தமிழில் 'எச்சம்' என்ற சொல் விசித்திரமானது. ஒருவன் விட்டுச் செல்கிற பிள்ளைகளும் எச்சம். கோபுரத்து மாடத்தில் புறா விட்டுச் செல்வதும் எச்சம். தமிழ் வாத்தியாரைக் கேட்டால், முடிவு பெறாமல் நிற்கிற வினைக்கும் அதுதான் பெயர் என்பார். மிஞ்சியது பொக்கிஷமா, அசுத்தமா, அல்லது பாதியில் நின்ற பேச்சா என்பதைச் சொல் தீர்மானிக்கவில்லை, நம்மிடமே விட்டுவிட்டது. சில மாதங்களாக இந்தச் சொல் என்னை விடமாட்டேன் என்கிறது. காரணம் ஒரு பழைய டேப்.

திருவண்ணாமலையில், தேரடி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் என் நண்பர் ஒருவர் வசிக்கிறார். இளமையில் ஒரு கம்ப்யூட்டர் நிலையத்தில் டேப்புகளோடு மாரடித்தவர். ஓய்வு பெற்ற பிறகு, ஊரார் பரணில் கிடக்கும் கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்கிறார். காசு வாங்கிக்கொள்வார், கண்டிப்பாகக் கேட்க மாட்டார். பௌர்ணமி இரவுகளில் ஊரெல்லாம் கிரிவலம் போகும்போது நான் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவது வழக்கம். பதினான்கு கிலோமீட்டர் நடப்பதைவிட அது சுலபம் என்பதும் ஒரு காரணம்.

அவர் சொல்லித்தான் எனக்கு இந்த விஷயம் தெரியும். 1964-ல் ஐ.பி.எம். கம்பெனி தன்னுடைய சிஸ்டம் 360 இயந்திரத்தோடு ஒரு நாடாவைக் கொண்டுவந்தது. அரை அங்குல அகலம். முழுச் சுருள் 2,400 அடி. நீளவாக்கில் ஒன்பது வரிசைகள். எட்டு வரிசைகளில் விஷயம் இருக்கும். அந்த எட்டும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்காகவே ஒன்பதாவது வரிசை. எழுதவேண்டியது முடிந்ததும் ஒரு முடிவுக் குறி போடுவார்கள். அடுத்தடுத்து இரண்டு குறிகள் வந்தால், 'இதற்கு மேல் ஒன்றுமில்லை' என்று பொருள். இயந்திரம் அங்கேயே நின்றுவிடும்.

ஒன்றுமில்லை என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். நாடாவை வீணாக்க யாருக்கு மனம் வரும்? ஒரு கணக்கு முடிந்தால் அதன் மேலேயே அடுத்த கணக்கை எழுதுவார்கள். போன மாதக் கணக்கு ஆயிரம் அடி, இந்த மாதக் கணக்கு அறுநூறு அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைக் குறிக்கு அப்பால் போன மாதத்தின் நானூறு அடி அப்படியே கிடக்கும். அன்றாட வேலையில் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் பல வருஷம் கழித்து, பழுதுபட்ட நாடாவிலிருந்து எதையாவது மீட்க வருகிறவன் குறியை நம்பி நின்றுவிட முடியாது. குறியே தவறாக விழுந்திருக்கலாம். ஆகவே கடைசி அடிவரை படிக்கிறான். புதியதும் பழையதும் ஒரே குவியலாக வந்து விழுகின்றன. பிறகு உட்கார்ந்து சலிக்க வேண்டும்.

"அதில் என்ன கஷ்டம்? பழசு, பழசு மாதிரி தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியாது சார், அதுதான் கஷ்டமே" என்றார் நண்பர். "புதுசு போய் முட்டின இடத்துல மட்டும் கொஞ்சம் நசுங்கி இருக்கும். அதைத் தாண்டிட்டா பழசு ஒவ்வொண்ணும் முழுசா நிக்கும். ஒம்பதாவது வரிசை சரியா இருக்கும். 'நான் சரி, நான் சரி'ன்னு அத்தனையும் சொல்லும்."

நாடாவின் தொடக்கத்தில் ஒரு முகப்பு எழுதுவதுண்டாம். அதில் பெயர், எழுதிய தேதி, காலாவதியாகும் தேதி எல்லாம் இருக்கும். ஆனால் மறுபடி எழுதும்போது முதலில் அழிவதே அந்த முகப்புதான். மிஞ்சிக் கிடப்பது தலை போன உடம்பு. பெயரில்லை, தேதியில்லை, உடம்பில் மட்டும் ஒரு குறையும் இல்லை!

மறுநாள் கோயிலுக்குள் நடந்தபோது கல்வெட்டுகளை வேறு கண்ணால் பார்த்தேன். அண்ணாமலையார் கோயிலில் சோழர் காலத்திலிருந்து விஜயநகர காலம் தாண்டி நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990-ல் அவற்றைப் புத்தகமாகவே கொண்டுவந்தது. பழைய கோயில்களில் ஒரு கட்டடத்தைப் பிரித்து இன்னொன்று கட்டும்போது, எழுத்துள்ள கல்லையே தலைகீழாகவோ துண்டாகவோ சுவரில் வைத்துவிடுவதுண்டு. திருமழபாடியில் ராஜராஜன் அப்படி விடவில்லை; விமானத்தைப் பிரிப்பதற்கு முன்னால் கல்வெட்டுகளைப் புத்தகத்தில் பெயர்த்து எழுதச் சொன்னான்; ராஜேந்திரன் காலத்தில் அவை மறுபடி கல்லில் ஏறின. எல்லாரும் ராஜராஜனா? துண்டுக் கல்வெட்டுகள் நாடெங்கும் இருக்கின்றன. ஆனாலும் கல்லில் ஒரு சௌகரியம்: எழுத்து தன் வயதைச் சொல்லிவிடும். பத்தாம் நூற்றாண்டுக் ககரம் வேறு, பதினாறாம் நூற்றாண்டுக் ககரம் வேறு. தலையும் காலும் இல்லாத துண்டைக்கூட ஆராய்ச்சியாளர், "இது இன்ன காலம்" என்று ஒதுக்கி வைக்க முடிகிறது. நாடாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நேற்று எழுதியதும் இருபது வருஷத்துக்கு முன் எழுதியதும் அதில் ஒரே மாதிரி காந்தம்தான்.

இனி, நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். ஒரு குடும்பம், ஊரும் பேரும் வேண்டாம். தகப்பனார் 2006-ல் காலமானவர். போன வருஷம் இளைய மகன் பரணில் ஒரு கேசட்டைக் கண்டெடுத்து என் நண்பரிடம் கொண்டுவந்தான். அட்டையில் அப்பாவின் கையெழுத்தில் 'நாதஸ்வரம், ரேடியோ' என்று இருந்தது. நண்பர் போட்டுக் கேட்டார். இருபத்தாறு நிமிஷம் நாதஸ்வரம். பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் ஒரு மனிதர் கத்திக்கொண்டிருந்தார்.

விசாரித்ததில் கதை தெரிந்தது. 1994-ல் மூத்த மகன் வீட்டுக்குச் சொல்லாமல் கலியாணம் செய்துகொண்டு வெளியூர் போய்விட்டான். தகப்பனாருக்குக் கை நடுங்கிற்று. கடிதம் எழுத வரவில்லை. பத்து வயதுப் பையனான இளையவனை டேப் ரிக்கார்டர் பொத்தானை அமுக்கச் சொல்லி, அரை மணி நேரம் பேசித் தீர்த்தார். கேசட்டைத் தபாலில் அனுப்புவதாக யோசனை. ஏனோ அனுப்பவில்லை. மூன்று வருஷம் கழித்துப் பேத்தி பிறந்தாள். கிழவர் தாமே ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்த சில நாளில் அந்தக் கேசட்டைத் தேடி எடுத்து, அதன் மேல் ரேடியோ நாதஸ்வரத்தைப் பதிவு செய்தார். கச்சேரி இருபத்தாறு நிமிஷத்தில் முடிந்துவிட்டது, நிறுத்திவிட்டார். ரிக்கார்டரில் பழையதை அழிக்கிற ஹெட் முன்னால் போகும், புதியதை எழுதுகிற ஹெட் பின்னால் வரும். அவை இரண்டும் போகாத நாலு நிமிஷம் பாக்கி.

அந்த நாலு நிமிஷத்தில், தன் சிதைக்கு மூத்தவன் கொள்ளி வைக்கக் கூடாது என்பதும் இருந்தது. 2006-ல் கொள்ளி வைத்தவன் மூத்தவன்தான்.

நண்பர் வழக்கம்போல் வெட்டிவிட்டுக் கொடுத்திருக்கலாம். ஆனால் விஷயம் அவ்வளவு லேசாக இல்லை. "எங்க அப்பா கொரல் வேற எதுலயும் கெடையாது சார். இது ஒண்ணுதான்" என்றான் இளையவன். "திட்டினா திட்டிட்டுப் போறாரு. அண்ணனும் கேக்கட்டும்." தாயார் கேட்கவே மறுத்தாள். "அவரு கையால அழிச்சாரு. அழியாமப் போனது டேப்போட குத்தம், அவரு குத்தமில்ல" என்றாளாம்.

இந்த வாக்கியத்தை நான் பல நாள் சுமந்துகொண்டு திரிந்தேன். என் தொழில் கதை எழுதுவது. மனிதன் பேசியதையெல்லாம் சேர்த்து வைக்கவேண்டும் என்பது என் கட்சி. கோபத்தில் பேசியதும் அவன் பேசியதுதானே? 1969-ல் சந்திரனில் மனிதன் இறங்கிய நிகழ்ச்சியின் மூல நாடாக்களை அமெரிக்காவின் நாஸாக்காரர்கள் தேடு தேடென்று தேடி, அவை அழிக்கப்பட்டு வேறு வேலைக்கு மறுபடி பயன்பட்டிருக்கவேண்டும் என்று 2009-ல் கை விரித்தார்கள். ஜனாதிபதி நிக்ஸனின் 1972-ஆம் வருஷத்து டேப் ஒன்றில் பதினெட்டரை நிமிஷம் அழிந்து கிடக்கிறது. 2003-ல் நிபுணர்கள் முயன்றும் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. உலகம் வேண்டும் என்று அழுவது கிடைப்பதில்லை. ஒரு கிழவர் வேண்டாம் என்று துடைத்தது மட்டும் கணீரென்று கேட்கிறது.

இளையவன் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. நாதஸ்வரம் யாருடையதோ, கத்தல்தான் அப்பாவுடையது. அதைச் சலித்துக் கொட்டினால் அப்பாவே போய்விடுகிறார். உண்மையை மறைப்பது பாவம் என்றும் அவன் வாதாடலாம். ஆனால் எது இங்கே உண்மை? அவர் சொன்னார் என்பது உண்மை. அவர் சொல்கிறார் என்பது பொய். கேசட்டைத் தட்டினால் கேட்பதோ, 'சொல்கிறார்' என்றுதான். கடிதமாக இருந்தால் காகிதம் பழுத்திருக்கும், மை மங்கியிருக்கும். படிக்கிற மகனும், 'இது அந்தக் காலத்துக் கோபம்' என்று தெரிந்தே படிப்பான். குரலுக்கு நரை கிடையாது.

மனசும் இப்படித்தான் நாடாவாக இருக்கிறது. 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் விரூபாக்ஷி குகைக்குப் போய் ரமணரைக் கேள்வி கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை. எழுதியே பதில் சொன்னார். அவைதாம் பிற்காலத்தில் 'நான் யார்?' என்ற சிறு நூலாயின. தொன்றுதொட்டு வருகிற வாசனைகள் அலையலையாக எழும்பும் என்ற விஷயமும் அதில் வருகிறது. வாசனை என்ற சொல் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது: பாத்திரத்தைக் கழுவிய பிறகும் நிற்பது. காலையில் மனைவியிடம் சீறுகிறோமே, அந்தச் சீற்றம் அன்றைக்கு எழுதியதா, முப்பது வருஷத்துக்கு முன் வேறு யாருக்கோ எழுதியதன் மிச்சமா? அதற்குத் தேதி கிடையாது. ஒன்பதாவது வரிசை சரியாகவே இருக்கிறது. 'நான் சரி' என்றுதான் அதுவும் சொல்கிறது. வேதாந்தம் எனக்கு அதிகம் தெரியாது. ஆனால், எழுகிற ஒவ்வொன்றையும் 'இது யாருக்கு?' என்று கேட்டுப் பார்க்கச் சொல்கிற அந்த வைத்தியம், போன முகப்பைத் திரும்ப எழுதுகிற வேலை மாதிரி எனக்குத் தோன்றுகிறது. பக்தர்கள் மன்னிக்கவேண்டும்.

எழுத்தாளர் சாதிக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. காஃப்கா 1924-ல் இறந்தார். தாம் எழுதி வைத்ததையெல்லாம் எரித்துவிடும்படி நண்பர் மாக்ஸ் ப்ராடிடம் கேட்டிருந்தார். ப்ராட் எரிக்கவில்லை, மறு வருஷமே 'விசாரணை' நாவல் வெளிவந்தது. ப்ராட் செய்தது சரிதான் என்று நான் எத்தனையோ பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். அந்த அம்மாளிடம் சொல்லிப் பார்க்க மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை. "அவரு கையால எரிச்சாரா?" என்று ஒரே கேள்வி கேட்பாள். காஃப்கா எரிக்கும் வேலையை இன்னொருவர் தலையில் கட்டினார். ஆகவே அங்கே கொஞ்சம் சந்து இருக்கிறது. கிழவர் தாமே பொத்தானை அமுக்கினார். இங்கே சந்தே இல்லை.

கடைசியில் அந்த அம்மாள் ஒரு தடவை கேட்க ஒப்புக்கொண்டாள். நண்பர் காதில் மாட்டிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். நாலு நிமிஷமும் கேட்டாள். பிறகு கூப்பிட்டு, கடைசியை மட்டும் திரும்பப் போடச் சொன்னாள். ஏசி ஓய்ந்த பிறகு ஓர் இருமல், அப்புறம் தணிந்த குரலில், "போதும்டா கண்ணு, நிறுத்து." பொத்தான்மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பையனிடம் சொன்னது.

"இத மட்டும் எடுத்துக் குடுங்க" என்றாள்.

"மீதி?"

"மீதி அவரு அழிச்சது."

நண்பர் அப்படியே செய்தார். இளையவனும் மறுவார்த்தை பேசவில்லை. அந்த மூன்று வார்த்தைகளும் தனக்குச் சொன்னவை என்பது அவனுக்குத் தெரியாதா? மூத்தவனிடம் இன்னும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று ஒரு நாளும், வேண்டாம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றுகிறது.

கேசட் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. நாலு நிமிஷமும் அதில்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கும் முன் நண்பர் தாமாக ஒரு காரியம் செய்தார். 'நாதஸ்வரம், ரேடியோ' என்ற கிழவரின் எழுத்துக்குக் கீழே, சின்னதாகப் பென்சிலால் எழுதினார்: "26-வது நிமிஷத்துக்கு மேல் 1994. 1997-ல் அழித்தது."